இடையூறு என்று எழுதி நீக்கியது

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் லெபோ பாசாரில் உன் அம்மாவைப் பார்த்தேன். கையில் பூவும் வெற்றிலையும். சிங்கப்பூரில் உனக்கு முனைவர் ஆய்வுக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொல்லும்போது முகமெல்லாம் வெளிச்சம். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அணுவைக் குளிர வைக்கிற படிப்பாம்க்கா. அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா சிரிக்கிறான். நீங்களாவது சொல்லுங்களேன்."

வெயிலில் நின்றபடி இரண்டு வார்த்தை சொன்னேன். போதவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் உனக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையும் ஒன்றுதான் என்று பட்டது. இந்தத் துறைக்குள் நுழையும் வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். முதலில் ஒன்று: அந்தக் கேள்விக்கு இனிமேல் சிரிக்காதே. உன் ஆய்வேட்டைப் பரிசோதிக்கப் போகிற பேராசிரியர்கூட இதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்க மாட்டார்.

நான் விஞ்ஞானி இல்லை, உனக்குத் தெரியும். 1979-இல் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் ஐந்து ஆண்டுகள் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. பிறகு மாலை வகுப்பில் படித்து, கேலிபிரேஷன் அறைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேதான். உன் அம்மா லைனில் புதிதாகச் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்தது நான் என்பதால்தான் இன்றுவரை உனக்குப் பெரியம்மா.

அந்த அறையின் வேலை, மற்றவர்களின் அளவுகோல்களைச் சந்தேகப்படுவது. வோல்ட்மீட்டர், தராசு, வெப்பமானி எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் அதைவிட நம்பகமான ஒன்றோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் ஒட்டுவோம். எங்கள் எடைக்கல்லுக்கு ஒரு சான்றிதழ், அதைச் சோதித்த கல்லுக்கு இன்னொன்று, அந்தச் சங்கிலி சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் கழகம் வழியாகப் பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரில் பூட்டி வைத்த ஓர் உலோக உருளையில் போய் முடியும். 2019 மே 20 வரை உலகத்துக்கே கிலோகிராம் என்பது அந்த ஒரு துண்டுதான். விரல் பட்டால் எடை கூடும், துடைத்தால் குறையும்.

எங்கள் அறையின் மூலையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று மட்டும் இந்தச் சங்கிலிக்குப் பாதி வெளியே நின்றது. ரூபிடியம் அதிர்வெண் கருவி. உள்ளே சிறு கண்ணாடிக் குப்பியில் ரூபிடியம் ஆவி. அந்த அணு விநாடிக்கு 683 கோடிக்கு மேல் துடிக்கிறது. பினாங்கில் இருக்கும் ரூபிடியம் அணுவும் பாரிஸில் இருப்பதும் ஒன்றே. தேயாது, துருப்பிடிக்காது, கைரேகை படியாது. பிறக்கும்போதே சான்றிதழோடு பிறந்த பொருள். இரவு ஷிப்டில் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு பல நேரம் நின்றிருக்கிறேன்.

அந்தக் குப்பியில் ஒரே குறை. அணு அதில் சூடாக இருக்கிறது. அறை வெப்பத்தில் ரூபிடியம் அணு விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடும். ஓடுகிற குழந்தைக்குச் சட்டை தைக்க அளவெடுக்க முடியுமா? நிறுத்த வேண்டும். நிறுத்தும் முறையை நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய், ஆனால் உன் அம்மாவுக்குச் சொல்ல ஒரு வழி வேண்டுமே. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டத்துக்கு எதிராக நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். எதிரே வருகிற ஒவ்வொருவரும் லேசாக இடிப்பார்கள். ஒரு இடியால் ஒன்றுமில்லை, நூறு இடியில் நின்றுவிடுவாய். ஒளித்துகள் ஒன்று எதிரே வந்து மோதினால் ரூபிடியம் அணுவின் வேகம் விநாடிக்கு 6 மில்லிமீட்டர் குறையும். ஐம்பதாயிரம் மோதல் வேண்டும். லேசர் அதைச் சில மில்லிவிநாடிகளில் முடித்துவிடுகிறது. லேசரின் நிறத்தை அணு விரும்பும் நிறத்துக்குச் சற்றே கீழே வைத்தால், ஒளியை நோக்கி வருகிற அணு மட்டும் அதை வாங்கிக்கொள்ளும், விலகிப் போகிற அணு வாங்காது. ஆறு பக்கமும் அப்படி ஒளி வைத்தால் எந்தப் பக்கம் ஓடினாலும் எதிர்க்கூட்டம்தான்.

இன்னொன்றையும் அவளிடம் சொல். ரூபிடியம் கேட்கிற ஒளி 780 நானோமீட்டர். பழைய சிடி பிளேயருக்குள் இருந்த லேசர் டயோடும் அதே 780. பாட்டுக் கேட்கும் பெட்டிக்காக லட்சக்கணக்கில் செய்ததால் மலிந்துபோன அந்தச் சில்லு, ஆய்வகத்துக்கு வாராது வந்த வரமாயிற்று. கார்ல் வீமன் போன்றவர்கள் அப்படிப்பட்ட மலிவு டயோடுகளை வைத்து அணுக்களைக் குளிர்விக்கும் வழிகளை வளர்த்தார்கள். அவரும் எரிக் கார்னெலும் 1995 ஜூன் 5-இல் கொலராடோவில் ரூபிடியம் அணுக்களை ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்குக்கும் கீழே கொண்டுபோய், அத்தனை அணுவும் ஒரே அலையாக நடக்கும் நிலையைக் கண்டார்கள். சத்யேந்திர நாத் போஸ் 1924 ஜூனில் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில் முளைத்த யோசனை அது. எழுபத்தோரு ஆண்டு காத்திருந்தது. நுண்ணோக்கிக்கு முன் குனிந்து கழுத்து வலியோடு கம்பி ஒட்டிய பெண்களின் உலகத்துக்கும் அந்தப் பரிசோதனைக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றும். உன் அம்மாவுக்கும் தோன்றட்டும்.

இனி உனக்கு.

அணுவுக்குச் சான்றிதழ் வேண்டாம் என்றேன். அது முழு உண்மை இல்லை. அணு மாறாது, அது இருக்கும் அறை மாறும். லேசர் அலைமுகம் கொஞ்சம் கோணும், கண்ணாடி வெப்பத்தில் நகரும், பக்கத்து லிஃப்ட் மேலே போகும்போது காந்தப்புலம் அசையும், பூமியே கீழே சுழலும். உன் ஐந்தாண்டில் நான்காண்டு அணுவோடு போகாது, இவற்றோடுதான் போகும். அதனால் முதல் நாளிலிருந்து குறிப்பேடு எழுது. கணினி தானாகச் சேமிக்கும் எண்களைச் சொல்லவில்லை. மழை பெய்ததா, யார் கதவைத் திறந்தார்கள், ஏர்கான் எப்போது நின்றது என்பதைக் கையால் எழுது. நான் பார்த்த மர்மங்களில் பெரும்பாலானவை அந்தக் கிறுக்கல்களில்தான் அவிழ்ந்தன.

வில்லியம் ஃபிலிப்ஸின் கதையைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். எனக்கு அது இந்தத் துறையின் முதல் பாடம். 1985-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களை லேசர் ஒளியில் தேங்க வைத்தது. கோட்பாடு சொன்ன கீழ்வரம்பு 240 மைக்ரோகெல்வின். அளந்ததில் ஏறத்தாழ அதுவே வந்தது. பிழை வரம்பு அகலம்தான், ஆனால் எதிர்பார்த்த எண் வந்துவிட்டால் யாருக்கு மேலும் தோண்டத் தோன்றும்? வாஷிங்டனுக்கு வெளியே அமெரிக்க அரசின் அளவை நிறுவனத்தில் இருந்த ஃபிலிப்ஸ் தோண்டினார். அணு மேகத்தைக் கீழே விழவிட்டு, அது விழுந்து சேரும் நேரத்தை வைத்து வெப்பத்தைக் கணக்கிட்டபோது 1988-இல் வந்தது 40 மைக்ரோகெல்வின். வரம்புக்கு ஆறில் ஒரு பங்கு. அறிவிப்பதற்கு முன் வெவ்வேறு முறைகளில் அதையே திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். எண் அசையவில்லை. பிறகு கோட்பாடுதான் எழுந்து நடந்து எண்ணிடம் வந்தது. பாரிஸில் டாலிபாரும் கோஹன்-டனூஜியும் காரணம் கண்டார்கள். 1997 நோபல் பரிசு சூ, கோஹன்-டனூஜி, ஃபிலிப்ஸ் மூவருக்கும்.

எதிர்பாராத எண் வந்தால் எல்லோருமே சோதிப்பார்கள். எதிர்பார்த்த எண் வரும்போதும் அதே கடுமையோடு சோதிக்க உனக்கு மனம் வருமா? அங்கேதான் ஆளைத் தெரியும்.

எனக்கு அந்த மனம் இல்லாமல் போன ஒரு நாளைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டாக உறுத்துகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் பசியாறிக்கொண்டிருந்தேன். தொங்கும் விளக்கு ஆடியது. தலைசுற்றல் என்று நினைத்தேன். எதிர்வீட்டு மலாய் அம்மா கதவைத் தட்டியபோதுதான் புரிந்தது. எல்லோரும் படியிறங்கிக் கீழே நின்றோம், கொஞ்ச நேரம் பேசினோம், ஏறிப் போனோம். நல்ல வெயில். விடுமுறை. பத்து ஃபெரிங்கிக்கும் தஞ்சோங் பூங்காவுக்கும் குடும்பங்கள் குளிக்கப் போயின. மதியம் ஒரு மணியை ஒட்டிக் கடல் உள்ளே வந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதில் 52 பேர் பினாங்கில்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கருங்கல் மேசைமேல் ஒரு துல்லியத் தராசு வாரக்கடைசி முழுதும் தன் எண்ணைத் தானே பதிந்துகொண்டிருந்தது. ஆண்டு முடிவதற்குள் அதன் நகர்வை அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். பதிவைப் பார்த்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணியை ஒட்டி எண்கள் தாறுமாறாகக் குதித்திருந்தன. குறிப்பேட்டில் என் கையெழுத்தில் எழுதினேன்: "இடையூறு. நீக்கவும்." அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை வைத்து அறிக்கை முடித்தேன். எங்கும் பேச்சு சுனாமியைப் பற்றித்தான், செய்தித்தாளில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான், என்னிடம் இருந்ததோ பூமியே கைப்பட எழுதிய வரி. அதை நான் குப்பையாகப் பார்த்தேன். அந்தப் பதிவு எந்த உயிரையும் காத்திருக்காது, அது தெரியும். உறுத்துவது வேறு. என் வேலைக்கு வேண்டாதது எவருக்குமே வேண்டாதது என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் முடிவு செய்தேன்.

உன் துறையின் பயன் முழுவதும் இந்த இடத்தில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். உனக்கு இரைச்சலாக இருப்பது இன்னொரு துறைக்காரனின் சோறு.

புவியீர்ப்பை எடுத்துக்கொள். குளிர்ந்த அணு மேகத்தை விழவிட்டு, லேசர் துடிப்பு ஒன்றால் ஒவ்வோர் அணுவின் அலையையும் இரண்டு பாதையாகப் பிரித்து, நடுவில் திருப்பி, கடைசியில் சேர்க்கிறார்கள். இரண்டு அலையும் சேரும் இடத்தில் மேடும் பள்ளமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதிலிருந்து விழும் வேகம் கூடும் வீதம் கிடைக்கிறது. 1999-இல் ஸ்டான்ஃபோர்டில் சூவின் குழு, விழும் அணுவையும் பக்கத்திலேயே விழும் கண்ணாடியையும் ஒப்பிட்டது. நூறு கோடியில் ஏழு பங்குக்குள் ஒன்றாக இருந்தன. அணு அளவுக்குச் சின்னதும் கைக்கு அடங்கும் பொருளும் ஒரே மாதிரி விழுகின்றன என்று ஒரு பக்கம் தத்துவம். மறுபக்கம், அணுவே தராசாக முடியும் என்ற நடைமுறை.

பினாங்கில் விழும் வேகம் கூடும் வீதம் விநாடிக்கு விநாடி 9.78 மீட்டர். அதில் நூறு கோடியில் ஒரு பங்கை மைக்ரோகால் என்பார்கள். தரை ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் மூன்று மைக்ரோகால் குறையும். காலடியில் ஒரு மீட்டர் கனத்துக்குத் தண்ணீர் பரந்து சேர்ந்தால் 42 கூடும். நிலவும் சூரியனும் இழுப்பதால் ஒரே நாளில் நூறு, இருநூறு மைக்ரோகால் ஏறி இறங்கும். உன் பேராசிரியர் அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு மீதியைப் பார்க்கச் சொல்வார். சரிதான், கழி. ஆனால் கழித்ததை எறியாதே. கடல் ஏறும்போது நம் தீவு எவ்வளவு அழுந்துகிறது என்று தேடுகிற ஒருவருக்கு உன் மீதி வேண்டாம், கழிவுதான் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கை நினைத்துப் பார். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்கு நின்றதை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தோமே. ஏரி வற்றுவது கண்ணுக்குத் தெரியும். கிணற்றுக்கடியில் வற்றுவது தெரியாது. கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு மாறுவதை வைத்து, ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா நிலத்தடியில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நீர் காணாமல் போனதைச் சொல்லின. அந்தச் செயற்கைக்கோள்களில் குளிர் அணு இல்லை. ஆனால் அந்த முறை பரந்த நிலப்பரப்பை மொத்தமாகத்தான் பார்க்கும். ஒரு கிராமத்துக்கோ ஒரு நகர்ப்பகுதிக்கோ கணக்குச் சொல்லத் தரையில் நிற்கும் கருவி வேண்டும், அது மாதக்கணக்கில் தன் சுழியம் நகராமல் நிற்க வேண்டும். சுருள்வில் வைத்த ஈர்ப்புமானி தளர்ந்து நகரும், அதைச் சொந்த அனுபவத்தில் அறிவேன். அணு தளராது.

ஆய்வகத்தை விட்டு வெளியே போன குளிர் அணுக் கருவிகளும் உண்டு. 2020-இல் சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் ஒரு குளிர் அணு ஈர்ப்புமானியை நிறுவினார்கள். மலை அதிர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. உள்ளே எரிகுழம்பு இடம் மாறும்போது மேலே எண் மாறுவதை அது காட்டியது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணு மேகங்களை விழவிட்டு, இரண்டுக்கும் பொதுவான தரை அதிர்வைக் கழித்து, தங்கள் வளாகத்துச் சாலைக்கடியில் இரண்டு மீட்டர் அகலச் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்து 2022-இல் வெளியிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் பழைய சாக்கடையும் கிணறும் எந்தக் கடைவீட்டுக்கடியில் ஓடுகின்றன என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் சாலையைத் தோண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

வேறொரு துறைக்காக அளப்பது நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனைச் சி. வி. ராமனோடு 1928-இல் ஒளிச்சிதறல் கண்டவர் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார், போஸ் இருந்த அதே துறைக்கு. அங்கே சின்னச் சின்னப் படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் நூலில் தொங்கவிட்டு, காந்தத்துக்குள் அவை எந்தப் பக்கம் திரும்ப விரும்புகின்றன என்று பொறுமையாக அளந்தார். அந்தத் திருப்பத்திலிருந்து, படிகத்துக்குள் மூலக்கூறு எந்தக் கோணத்தில் படுத்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. எக்ஸ் கதிரால் படிகங்களின் உள்ளமைப்பைத் தேடிக்கொண்டிருந்த கேத்லீன் லான்ஸ்டேலுக்கு வேண்டியதும் அதுவே. 1936-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். காந்தம் அளந்தவர் வேதியியலுக்கு வழி காட்டினார். பின்னால் டெல்லியில் இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகம் தொடங்கியபோது முதல் இயக்குநரும் அவரே. அதாவது ஒரு நாட்டின் எடைக்கல்லுக்கும் கடிகாரத்துக்கும் பொறுப்பாளி. கேலிபிரேஷன் அறையில் வாழ்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய குலப்பெருமை இல்லை.

கடிகாரம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1981 டிசம்பர் 31 அன்று நான் இரவு ஷிப்டில் இருந்தேன். பதினொன்றரை மணிக்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, அப்படியே 1982 பிறந்தது. தீபகற்பமும் சபா சரவாக்கும் ஒரே நேரத்துக்கு வந்தன. ஜப்பானியர் காலத்தில் டோக்கியோ நேரத்தில் எழுந்ததை என் பாட்டி சொல்வார். நேரத்தை ஆணை போட்டு மாற்றலாம். விநாடியின் நீளத்தை முடியாது. 1967 முதல் அது சீசியம் அணுவின் கையில் இருக்கிறது.

கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளை மணிக்கூண்டு இருக்கிறதே, விக்டோரியா ராணியின் அறுபது ஆண்டுக்கு அறுபது அடி என்று செட்டியார் கணக்குப் போல கட்டியது, அதன் அடியில் ஒரு நல்ல கடிகாரமும் 833 மீட்டர் உயரக் கொடிமலை உச்சியில் இன்னொன்றும் வைத்தால், மலைமேல் இருப்பது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8 நானோ விநாடி முந்தும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் காலம் வேகமாக ஓடுகிறது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீயும் போட்டுப் பார். டோக்கியோவில் கடோரியின் குழு ஸ்ட்ரான்ஷியம் அணுக் கடிகாரங்களை ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் ஏற்றிக் காட்டி 2020-இல் வெளியிட்டது. கொலராடோவில் ஜுன் யேயின் குழு ஒரே அணு மேகத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே காலம் மாறுவதை 2022-இல் கண்டது. இது வேடிக்கை இல்லை. உயரத்தைக் காலத்தால் அளக்கலாம் என்று பொருள். கடல் மட்டம் ஏறுகிறதா, கரை தாழ்கிறதா என்று தீவுக்காரர்களுக்குப் பிரித்துச் சொல்ல ஒரு கருவி. அந்தக் கருவி நம் கரைக்கு வருமா என்பது உன்னைப் போன்றவர்களைப் பொறுத்தது.

மற்றத் துறைகளை விரிக்க இடமில்லை. வேதியியலில், பொட்டாசியமும் ரூபிடியமும் சேர்ந்த மூலக்கூறுகளை ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்வித்து, இரண்டு மோதி நான்கு அணு ஒட்டி நிற்கும் இடைநிலையை ஹார்வர்டில் காங்-குவென் நியின் குழு 2019-இல் நேரடியாகப் பிடித்தது. வழக்கமாகக் கண்ணுக்கு அகப்படாமல் ஓடிவிடும் கணம் அது. லித்தியம் அணுக்களின் வாயு, காற்றைவிட மெல்லியது, நியூட்ரான் நட்சத்திரத்தின் உட்பகுதி எப்படி அழுத்தம் தாங்குகிறது என்று ஊகிக்க உதவுகிறது. 2018-இல் விண்வெளி நிலையத்துக்கு ஒரு குளிர் அணுப் பெட்டி போனது. ஃபெர்மி ஆய்வகத்தில் நூறு மீட்டர் குழியில் அணுக்களை விழவிட்டு இருண்ட பொருளைத் தேடும் திட்டம் நடக்கிறது. எல்லாம் நல்லது. எனக்குப் பிடித்தது தரையோடு ஒட்டியது, வயது அப்படி.

பலன் சொல்லும்போது மட்டும் கூட்டிச் சொல்லாதே. மறுபடி 2004-க்கு வருகிறேன். பெருநிலநடுக்கத்தில் பூமியின் பாறைத் திணிவு இடம் மாறும் அந்தக் கணமே ஈர்ப்பும் மாறுகிறது, அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் பரவுகிறது. அதிர்வலை சுமத்ராவிலிருந்து பினாங்குக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஈர்ப்புச் செய்தி வரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தின் பழைய பதிவுகளைத் தோண்டி அந்தச் செய்தியை உண்மையிலேயே கண்டெடுத்திருக்கிறார்கள், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அசைவு. இதைப் பிடிக்கக் குளிர் அணுக் கருவிகள் உதவுமா என்று ஆராய்கிறார்கள். பிரான்ஸின் ரூஸ்த்ரெலில் நிலத்தடிச் சுரங்கத்தில் அணுக்களை வைத்து ஒன்றைக் கட்டுகிறார்கள். இதைப் படிக்கிற எவருக்கும், அன்று இது இருந்திருந்தால் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இருந்திருந்தால் ஒன்று நடந்திருக்கலாம். ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி மையம் அன்று பதினைந்து நிமிடத்தில் முதல் அறிவிப்பு வெளியிட்டது. அளவை 8 என்று மதிப்பிட்டது. உண்மையில் 9.1, ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேல். அந்தப் பிழையை ஈர்ப்புக் கருவி திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பு போனது பசிபிக் கரைகளுக்கு. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. 8.58-க்குப் பூமி அசைந்தது, ஒரு மணிக்குக் கடல் வந்தது. நான்கு மணி நேரம், தம்பி. நான்கு மணி நேரத்தில் பினாங்குக் கரை முழுதும் நடந்தே போய்க் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். இல்லாமல் போனது கருவி இல்லை, யாருக்குச் சொல்வது என்ற பட்டியல்.

ஆகையால் என் வேண்டுகோள் சின்னது. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உன் துறைக்கு வெளியே மூன்று பேரைத் தேடிப் பிடி. ஒரு நீரியலாளர், ஒரு நிலவியலாளர், கடலைத் தினமும் பார்க்கிற யாராவது ஒருவர். உன் கருவியைப் பற்றிப் பேசாதே. அவர்கள் வேலையில் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கேள். எந்த அளவு வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு பிழை இருந்தால் தாங்குவார்கள், கருவி மழையில் நிற்க வேண்டுமா, யார் அதைத் துடைப்பார்கள். பதிலைக் குறிப்பேட்டில் எழுது. கேலிபிரேஷன் அறையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தொழில்நுட்பர்கள், கருவியை வாங்கும்முன் லைனில் போய் ஒரு முழு ஷிப்ட் நின்று பார்த்தவர்கள்தாம். கட்டுரை எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தினால் பணிவோடு கேட்டுக்கொள், ஆனால் அந்த மூவரை விடாதே.

தமிழில் சொல்லிப் பழகு. குளிர் அணு, அலை, சுழியம் என்று சொல்லத் தொடங்கினால் வார்த்தை தானாக வரும். உன் அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. அவள் முகம் சுளித்த இடத்தில் உனக்கே இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்.

சிங்கப்பூருக்குப் புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடு. ஃபெரியில் பட்டர்வர்த் போய், அங்கிருந்து கெடாவில் கோத்தா குவாலா மூடாவுக்குப் போகலாம். சுனாமி தூக்கிப் போட்ட மீனவப் படகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மீன் வாங்க வருகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை, பழகிவிட்டது. அங்கே இருக்கும் வயதானவர்களிடம் அன்று காலை ஒன்பது மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நீயே கேள். மலாயில் பேச நான் உதவுகிறேன். என் பழைய குறிப்பேட்டையும் எடுத்துவருகிறேன், அந்த டிசம்பர்ப் பக்கம் அப்படியே இருக்கிறது. அதை நீ வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியம்மா